படகின் அடியில் ஆன்டிஃபவுலிங் பெயிண்ட்: முதன்முறை தாமே அடிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தூத்துக்குடி திரேஸ்புரம் கரையில், வருடம் முழுவதும் தண்ணீரிலேயே மிதந்து கிடக்கும் 30 அடி ஃபைபர் வள்ளம் என்னுடையது. பழைய வள்ளமாக வாங்கினேன். வாங்கிய முதல் வருடமே கரையேற்றி, கொட்டலசும் (ஓட்டோடு ஒட்டி வளரும் சிறு கடலுயிர்) பாசியும் ஒட்டாமல் தடுக்கும் ஆன்டிஃபவுலிங் பெயிண்டை அடியில் நானே அடித்து இறக்கினேன். எழுபது நாள் கழித்து முங்கிப் பார்த்தபோது, அணியத்தின் (படகின் முன்பகுதி) இடது பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் வெங்காயச் சருகுபோலச் சுருண்டு நின்றது. விரல் பட்டதும் துண்டாகக் கழன்று வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் கடுகைத் தூவியதுபோலக் கொட்டலசுக் குஞ்சுகள் ஒட்டியிருந்தன. மூன்று மாதம் முடிவதற்குள், வழக்கமாக 18 லிட்டர் டீசல் குடிக்கும் ஓட்டத்துக்கு 24 லிட்டர் தேவைப்பட்டது.

பெயிண்டில் எந்தக் குறையும் இல்லை. துறைமுகத்து உப்புத் தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவிவிட்டு அப்படியே வேலையைத் தொடங்கினேன். பிரைமர் (அடிப்பூச்சு) அடித்த மறுநாள் சாவகாசமாக மேல் பூச்சைத் தொடங்கினேன். டப்பாவை அடிவரை கலக்கவில்லை. இந்த மூன்று தவறுகளால் ஒரு வருடச் சேமிப்பு கரைந்தது. அடுத்த முறை எல்லாவற்றையும் ஜெல்கோட் (ஃபைபரின் பளபளப்பான மேல்தோல்) வரை சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து செய்தேன். அந்தப் பூச்சு பதினோரு மாதமாக நிற்கிறது. என்ன செய்தேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

இது தண்ணீரில் நிரந்தரமாகக் கிடக்கும் ஃபைபர் படகுகளுக்கானது. தினமும் மணலில் இழுத்துப் போடும் படகுக்கு இந்தச் செலவு வேண்டாம். மணலே பூச்சைத் தேய்த்துவிடும், காய்ந்து கிடக்கும் அடியில் கொட்டலசும் வளராது. மரம், இரும்பு, அலுமினியப் படகுகளுக்கு முறை வேறு. அலுமினியத்தின் மேல் செம்பு கலந்த பெயிண்டை அடித்தால் கடல் தண்ணீரில் அந்த உலோகமே அரித்துப்போகும் என்பதை மட்டும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் நாளைக் குறியுங்கள்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் பழுது பார்க்கக் கரையேறுவது அப்போதுதான். கிரேன், இடம், ஓடாவி (படகுத் தச்சர்), பெயிண்ட் அடிக்கும் ஆள் என எதற்கும் காத்திருக்க வேண்டும், கூலியும் ஏறும். உங்களுடையது தடைக்காலக் கட்டுப்பாட்டுக்குள் வராத நாட்டுப்படகு என்றால் அந்த இரண்டு மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜூனுக்குப் பிறகு மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கும். ஈரப் பெயிண்டில் மணல் ஒட்டினால் அது உப்புத்தாள் ஒட்டியதுபோல ஆகிவிடும். தூத்துக்குடிப் பக்கத்தில் பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் கடைசி வரை நல்ல காலம். மழை குறைவு, காற்று அடங்கியிருக்கும், வெயில் இன்னும் கொளுத்தத் தொடங்கியிருக்காது.

வேலைக்கு ஒன்பது நாள் ஒதுக்குங்கள். "நான்கு நாளில் முடித்துவிடலாம்" என்று கரையில் பலர் சொல்வார்கள். முடிக்கலாம்தான். நானும் முதல் முறை நான்கு நாளில்தான் முடித்தேன்.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

படகின் பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், காப்பீட்டுப் பத்திரம், உரிமையாளரின் ஆதார். இந்த நான்கிலும் இரண்டிரண்டு நகல் எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்ளுங்கள். படகுத் தளத்தில் இடம் கேட்கும்போதே பதிவுச் சான்றைக் கேட்பார்கள்.

பழைய படகு வாங்கியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். பணம் கொடுத்துப் படகை எடுத்துக்கொண்டிருப்போம். சான்றில் பெயர் பழைய உரிமையாளருடையதாகவே இருக்கும். என் படகு கிரேன் வாரில் தொங்கும் நாளன்று இது தெரியவந்து, பழைய உரிமையாளரைத் தேடிப் பிடித்துக் கடிதம் வாங்கி வருவதில் ஒரு நாள் வாடகை வீணானது. பெயர் மாற்றத்தை மீன்வளத் துறை அலுவலகத்தில் முடித்துவிட்டுக் கரையேற்றுங்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். கிரேனில் தூக்கும்போதும் கரையில் நிற்கும்போதும் ஏற்படும் சேதம் அதில் அடங்குமா, முன்கூட்டியே தகவல் கொடுக்க வேண்டுமா என்று எழுதிக் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை நம்பாதீர்கள்.

பெயிண்ட் கடையில் ஜிஎஸ்டி பில்லோடு தொழில்நுட்பக் குறிப்புத் தாளையும் பாதுகாப்புக் குறிப்புத் தாளையும் கேட்டு வாங்குங்கள். நம் வேலைக்கு உயிர்நாடி முதல் தாள்தான். எத்தனை மணி நேரத்துக்குள் அடுத்த பூச்சு, எவ்வளவு கனம், எத்தனை மணி நேரம் கழித்துத் தண்ணீரில் இறக்கலாம் என்பதெல்லாம் அதில் அட்டவணையாக இருக்கும். கொடுக்க மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். டப்பாவின் தொகுப்பு எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். நாளை பூச்சு உரிந்து முறையிட நேர்ந்தால் அந்த எண் இல்லாமல் யாரும் பேசமாட்டார்கள்.

3. எவ்வளவு பெயிண்ட், எந்தப் பெயிண்ட்

அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். நீர்மட்டத்தில் படகின் நீளத்தையும், அகலத்தையும், தண்ணீருக்குள் அமிழும் ஆழத்தையும் மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். அகலத்தோடு ஆழத்தைக் கூட்டி, நீளத்தால் பெருக்கினால் தோராயமான பரப்பு வரும். அடி உருண்டையாக இருந்தால் அதை 0.85 ஆல் பெருக்கலாம். என் வள்ளத்துக்கு நீர்மட்ட நீளம் 9 மீட்டர், அகலம் 2.2, ஆழம் 0.6. கணக்கு 21.4 சதுர மீட்டர் வந்தது. 22 என்று வைத்துக்கொண்டேன்.

டப்பாவில் "லிட்டருக்கு 10 சதுர மீட்டர்" என்று போட்டிருந்தாலும் ரோலரில் ஒட்டியது, தட்டில் காய்ந்தது, தரையில் சொட்டியது எல்லாம் போக 7 அல்லது 8 சதுர மீட்டர்தான் கிடைக்கும். இரண்டு கை (இரண்டு முறை பூச்சு) அடிக்க எனக்கு 5.5 லிட்டர், முனைகளிலும் நீர்மட்டத்திலும் மூன்றாவது கைக்கு இன்னும் ஏறத்தாழ ஒரு லிட்டர். ஆக 7 லிட்டர் வாங்கினேன். குறைவாக வாங்கிவிட்டு நடுவில் கடைக்கு ஓடினால் அடுத்த கைக்கான நேரம் தவறிவிடும்.

பெரும்பாலான ஆன்டிஃபவுலிங் பெயிண்ட்களில் வேலை செய்வது செம்பு ஆக்சைடு. அது சிறிது சிறிதாகக் கசிந்து கொட்டலசும் பாசியும் ஒட்டவிடாமல் தடுக்கிறது. கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று ஓட ஓட மேலடுக்கு தானாகத் தேய்ந்து புதிய அடுக்கைக் காட்டும் வகை. மற்றொன்று கெட்டியாக நிற்கும் வகை. நஞ்சு கசிந்து முடிந்த பிறகும் அதன் உடம்பு படகில் தங்கி, வருடா வருடம் தடித்துக்கொண்டே போகும். வாரத்தில் ஐந்து நாளாவது கடலுக்குப் போகிற படகுக்குத் தேயும் வகையே சரி என்பது என் முடிவு. பழையதைச் சுரண்டும் வேலை அடுத்த வருடம் பெருமளவு குறையும்.

பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவில், "பழைய கப்பல் பெயிண்ட், ஒரு பூச்சி ஒட்டாது" என்று மலிவாக யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். உள்ளே வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயிண்ட் இருக்கலாம். சிப்பியையும் நத்தை இனங்களையும் நாசமாக்கியதால் கப்பல்களில் அதன் பயன்பாட்டை நிறுத்திய சர்வதேச உடன்படிக்கை 2008 இல் நடைமுறைக்கு வந்தது. சங்கும் சிப்பியும் விளையும் மன்னார் வளைகுடாவில்தான் நம் படகுகள் மிதக்கின்றன.

4. செலவு

என் 30 அடி வள்ளத்துக்கு இரண்டாம் முறை ஆனது இது. உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம். விகிதம் பெரிதாக மாறாது.

கரையேற்றவும் இறக்கவும் கிரேன் ரூ.7,000. தள வாடகை ஒன்பது நாளுக்கு ரூ.2,700. அழுத்தத் தண்ணீர்க் கழுவல் ரூ.1,000. ஆன்டிஃபவுலிங் 7 லிட்டர் ரூ.9,450. எபாக்ஸி பிரைமர் 8 லிட்டர் ரூ.4,400. தின்னர் ரூ.600. உப்புத்தாள், ரோலர், தட்டு, மாஸ்கிங் டேப் ரூ.1,900. நச்சுக்காற்று வடிகட்டி முகமூடி ரூ.1,800. கையுறை, கண்ணாடி, முழு உடுப்பு ரூ.900. படகின் உலோகப் பாகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபடும் துத்தநாகக் கட்டி இரண்டு ரூ.1,200. உதவிக்கு ஒருவர் மூன்று நாள், ரூ.2,700. மொத்தம் ரூ.33,650.

இதில் பெயிண்டின் பங்கு மூன்றில் ஒன்றைவிடக் குறைவு. பூச்சு உரிந்தால் மீண்டும் வாங்க வேண்டியது பெயிண்ட் மட்டுமல்ல, கிரேனும் வாடகையும் கூலியும் சேர்த்துத்தான். அதனால் பெயிண்டில் ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க முயலாதீர்கள். முகமூடியில் நிச்சயமாக வேண்டாம். துணியைக் கட்டிக்கொண்டால் தூசிதான் தடுபடும், தின்னர் ஆவி தடுபடாது.

5. கரையேற்றும் நாள்: காய்வதற்குள் சுரண்டுங்கள்

தண்ணீரை விட்டு மேலே வந்த முதல் இரண்டு மணி நேரம் தங்கம். பாசியும் கொட்டலசும் ஈரமாக இருக்கும்போது பட்டித் தகட்டின் ஒரே தள்ளில் வந்துவிடும். வெயிலில் ஒரு பகல் காய்ந்தால் சிமெண்ட். கிரேன் வாரை அவிழ்த்து, முட்டு கொடுத்து, படகு அசையாமல் நிற்கிறது என்று தளத்து ஆட்கள் சொன்ன உடனே தொடங்குங்கள். சாப்பாடு பிறகு.

படகின் கீழே முழு நீளத்துக்கும் தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள். சுரண்டி விழுவதில் செம்பு இருக்கிறது. கரையில் ஆடும் நாயும் படுக்கும், பிள்ளைகள் விளையாடும். அதை மணலில் புதைப்பதும் கடலில் தள்ளுவதும் கூடாது. சாக்கில் கட்டி, அபாயக் கழிவை அனுமதி பெற்று எடுத்துச் செல்பவர்களிடம் தளத்தின் மூலம் ஒப்படையுங்கள். இதற்கு வழி உண்டா என்று இடம் பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

கொட்டலசின் ஓடு போனாலும் அடித்தட்டு வட்டமான வெள்ளைத் தழும்பாக நிற்கும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் அந்த வட்டத்தோடு சேர்ந்து கழன்றுவிடும். ஒவ்வொன்றையும் எடுக்க வேண்டும். ஏராவின் (படகின் அடித்தண்டு) ஓரம், சுக்கான் கீல், கடல்நீர் உறிஞ்சும் துளையின் உள்விளிம்பு மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிறகு கழுவுதல். நல்ல தண்ணீரில். நான் முதல் முறை கோட்டைவிட்டது இதைத்தான். பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான ஓடாவி, இரண்டாம் முறை என் வள்ளத்தின் அடியை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தார். "தம்பி, இன்னும் கரிக்கிறது. உப்பின் மேல் எதுவும் ஒட்டாது, இன்னொரு தடவை கழுவு" என்றார். நாக்கில் வைக்க வேண்டாம், அடியில் செம்பு இருக்கிறது. ஆனால் இன்னொரு தடவை கழுவுங்கள். பூச்சுக்கு அடியில் மிஞ்சிய உப்பு ஈரத்தை உள்ளே இழுக்கும். அங்கிருந்துதான் கொப்புளம் கிளம்பும். தண்ணீர் லாரிக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

6. பழைய பூச்சை என்ன செய்வது

பழைய பெயிண்ட் எது என்று தெரியும், உறுதியாகவும் நிற்கிறது என்றால், தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் மேலாகத் தேய்த்துக் கழுவிவிட்டு அதே வகையை அதன் மேலேயே அடிக்கலாம். பிரைமர் தேவையில்லை, நேராக 9 ஆம் படிக்குப் போங்கள்.

உறுதியாக இருக்கிறது, ஆனால் எது என்று தெரியவில்லை என்றால், பழையதையும் புதியதையும் பிணைக்கும் இணைப்புப் பூச்சு ஒன்று உண்டு. உங்கள் பெயிண்ட் நிறுவனத்தின் குறிப்புத் தாளில் அதன் பெயர் இருக்கும். இரண்டு பாக எபாக்ஸி பிரைமரைப் பழைய ஆன்டிஃபவுலிங் மேல் நேரடியாக அடிக்கக் கூடாது.

நகத்தால் கீறினால் செதில் செதிலாக வருகிறது என்றால் தப்பிக்க வழியில்லை, முழுவதையும் ஜெல்கோட் வரை எடுக்க வேண்டியதுதான். பட்டித் தகட்டின் முனைகளை அரத்தால் மழுக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஜெல்கோட்டில் கோடு விழும். வீட்டுக் கதவில் பெயிண்ட் உரிக்கும் ரசாயனத்தைத் தொடாதீர்கள். அது ஜெல்கோட்டையும் இளக்கிவிடும். எனக்கு இந்த ஒரு வேலைக்கு மட்டும் இரண்டு பகல் பிடித்தது.

ஆன்டிஃபவுலிங்கை ஒருபோதும் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். மிஷினில் உப்புத்தாளை மாட்டி உலர உலரத் தேய்த்தால் எழும் சிவப்புத் தூசி நுரையீரலுக்குள் போகும் நஞ்சு. தேய்ப்பது எப்போதும் ஈரத்தோடு, முகமூடியோடு.

7. ஜெல்கோட்டைத் தயார் செய்தல்

புதிய படகென்றால், அச்சிலிருந்து எடுக்கத் தடவிய மெழுகு ஜெல்கோட்டின் மேல் இருக்கும். தேய்ப்பதற்கு முன்னால் மெழுகை எடுக்க வேண்டும். வரிசை மாறினால் உப்புத்தாள் மெழுகைக் கீறலுக்குள் திணித்துவிடும். மெழுகு நீக்கும் கரைப்பானை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் வேறு உலர்ந்த துணியால் வழித்தெடுங்கள். ஒரே துணியால் துடைத்துக்கொண்டே போனால் மெழுகு இடம் மாறுமே தவிரப் போகாது.

சோதிக்க எளிய வழி: நல்ல தண்ணீரைத் தெளியுங்கள். தாமரை இலையில் போல முத்து முத்தாக நின்றால் மெழுகு இருக்கிறது. ஒரே படலமாகப் பரவி வழிந்தால் சுத்தம்.

பிறகு 80 முதல் 120 வரை எண்ணுள்ள உப்புத்தாளால் பளபளப்பு முழுவதும் போகும்வரை தேய்த்து, மீண்டும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். ஃபைபர் பார்க்கக் காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காய வேண்டும். எனக்கு முதல் இரவு வியர்த்தது, இரண்டாம் இரவு வியர்க்கவில்லை.

கீறல், சிறு குழி இருந்தால் எபாக்ஸிப் பட்டியால் நிரப்புங்கள். கார்களுக்குப் போடும் சாதாரணப் பட்டி நீர்மட்டத்துக்குக் கீழே ஆகாது, அது தண்ணீரை உறிஞ்சும். கொப்புளம் உடைந்து புளிப்பு வாடையோடு நீர் கசிந்தால் அது ஃபைபருக்குள்ளேயே ஈரம் புகுந்ததன் அறிகுறி. அதற்கு மேல் பெயிண்ட் அடித்து மூடாமல் ஃபைபர் வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

8. பிரைமர்: விரல் ரேகை பதியும் நேரம்

முழு வேலையிலும் நுட்பமான இடம் இது.

எபாக்ஸி பிரைமர் இரண்டு டப்பாவாக வரும். கலவை விகிதம் டப்பாவில் இருக்கும். கண் அளவில் ஊற்றாமல் அளவுக் கோடு போட்ட டப்பாவில் அளந்து ஊற்றுங்கள். கலந்த பிறகு பயன்படுத்தும் நேரம் வெயிலில் மளமளவென்று குறையும். அரை மணி நேரத்தில் அடித்து முடிக்கும் அளவுக்கு மட்டும் கலக்குங்கள்.

காலை பனி முழுதாக உலர்ந்த பிறகு தொடங்கி, பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். படகின் மேற்பரப்பின் வெப்பம், பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் உலகின் விதி. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் 25 டிகிரியில் பனி படியும். அப்போது படகின் அடி 28 டிகிரிக்குக் குறையக் கூடாது. ஈரப்பதமானியும் அகச்சிவப்பு வெப்பமானியும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். நேர் வெயில் விழும் பக்கத்திலும் அடிக்காதீர்கள், பெயிண்ட் பரவும் முன்பே காய்ந்துவிடும். காலையில் மேற்குப் பக்கம், பிற்பகலில் கிழக்குப் பக்கம் என்று நிழலைத் தொடர்ந்து போங்கள்.

முதல் கை பிரைமர் ஒரு நாள். குறிப்புத் தாளில் சொன்ன இடைவெளிக்குள் மறுநாள் காலை இரண்டாம் கை. இரண்டாம் கை அடித்த பிறகு எங்கும் போய்விடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை கையுறை போட்ட பெருவிரலை அழுத்திப் பாருங்கள். விரலில் பெயிண்ட் ஒட்டினால் இன்னும் பச்சை. அழுத்திய தடம் மட்டும் லேசாகப் பதிந்து, விரலில் எதுவும் வராமல் இருக்கும் ஒரு பதம் வரும். அதுதான் ஆன்டிஃபவுலிங்கின் முதல் கையை அடிக்க வேண்டிய நேரம். அப்போது இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். வெப்பத்தைப் பொறுத்து இந்தப் பதம் சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். எனக்கு மார்ச் மாத நிழலில் மூன்றரை மணி நேரத்தில் வந்தது. மாஸ்கிங் டேப், ரோலர், கலக்கி வைத்த பெயிண்ட் எல்லாம் அதற்கு முன்பே தயாராக இருக்கட்டும்.

நேரம் தவறி பிரைமர் கண்ணாடிபோல இறுகிவிட்டால் அதன் மேல் அப்படியே அடிக்காதீர்கள். என் முதல் பூச்சு சருகாகச் சுருண்டது இதனால்தான். உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, துடைத்து, மெல்லிய பிரைமர் கை ஒன்றை மீண்டும் அடித்து அந்தப் பதத்துக்குக் காத்திருங்கள்.

9. ஆன்டிஃபவுலிங் அடிப்பது

டப்பாவைத் திறந்ததும் மேலே மெல்லிய எண்ணெய்போல நிற்கும். செம்பு கனமானது, அடியில் களிமண்போலப் படிந்திருக்கும். ஒரு தட்டையான கட்டையால் அடியைச் சுரண்டிச் சுரண்டி, கட்டையை உயர்த்தினால் கட்டி இல்லாமல் ஒரே நிறத்தில் வழியும்வரை பத்து நிமிடமாவது கலக்குங்கள். வேலை நடக்கும்போதும் கால் மணிக்கு ஒரு முறை. கலக்காமல் அடித்தால் முதல் பாதிப் படகுக்கு நஞ்சில்லாத எண்ணெயும் மறு பாதிக்குக் குழம்பும் கிடைக்கும்.

தின்னர் ஊற்றி நீட்டாதீர்கள். பரவுவது சுலபமாகும், கனம் குறையும். பாதுகாப்பு கனத்தில்தான் இருக்கிறது. கனத்தை அளக்க ஒரு தகட்டுச் சீப்பு விற்கிறது. ஈரப் பெயிண்டில் குத்தினால் எந்தப் பல் வரை நனைந்தது என்று பார்த்துக் கனத்தை மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொல்லலாம். என் பெயிண்டின் திடப்பொருள் பாதி. காய்ந்த பிறகு 50 மைக்ரான் வேண்டுமென்றால் ஈரத்தில் 100 மைக்ரான் இருக்க வேண்டும். முதல் பத்தடியை அடித்ததும் நான் அளந்தேன், 70 தான் இருந்தது. ரோலரை அழுத்தித் தேய்க்கும் பழக்கத்தை அங்கேயே விட்டேன்.

குட்டையான மயிருள்ள ரோலரால் இரண்டு அடி அகலப் பத்தியாக, ஏராவிலிருந்து மேல்நோக்கி அடியுங்கள். இரண்டாம் கைக்கு வேறு நிறம் வாங்க முடிந்தால் வாங்குங்கள். விட்டுப்போன இடம் உடனே தெரியும். பின்னாளில் மேல் நிறம் தேய்ந்து கீழ் நிறம் தெரியத் தொடங்கினால் பூச்சு முடியப்போகிறது என்றும் புரிந்துகொள்ளலாம். நீர்மட்டத்தில் ஒரு சாண் பட்டை, அணியத்தின் முன்விளிம்பு, ஏராவின் அடி, சுக்கானின் விளிம்பு ஆகிய இடங்களுக்கு மூன்றாவது கை. நீர் அதிகம் மோதித் தேய்ப்பது அங்கேதான். நீர்மட்டத்துப் பட்டையில் வெயிலும் படுவதால் பாசிக்கு அது விருப்பமான இடம்.

அடிக்கக் கூடாத இடங்கள் சில. துத்தநாகக் கட்டியை டேப்பால் மூடிவிடுங்கள். பெயிண்ட் பட்டால் அது வேலை செய்யாது, அரிப்பு காற்றாடிக்கு (புரொப்பெல்லர்) திரும்பும். பாதி கரைந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரின் முகத்துக்குத் தனிப் பெயிண்ட் உண்டு, சாதாரண ஆன்டிஃபவுலிங் ஆகாது. காற்றாடிக்கும் தண்டுக்கும் இது ஒட்டாது, மெருகேற்றி விட்டாலே போதும். கடல்நீர் உறிஞ்சும் துளைக்குள் தூரிகையால் மெல்லியதாகத் தடவலாம், அடைத்துவிடக் கூடாது. பதிவு எண் எழுதிய பகுதிக்குக் கீழேயே நிறுத்துங்கள். எண் மறைந்தால் கடலில் சோதனைக்கு நிற்கும்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

டேப்பைப் பெயிண்ட் முழுதாக இறுகும் முன்பே உரித்துவிடுங்கள். மறுநாள் உரித்தால் விளிம்பும் கூடவே வரும்.

10. முட்டு நின்ற இடங்கள்

முட்டும் கட்டையும் தாங்கி நின்ற இடங்களில் எதுவும் அடித்திருக்க முடியாது. கிரேன் தூக்கும்போது இரண்டு நிமிடத்தில் ரோலரால் தடவிவிட்டு இறக்குவது கரையில் சாதாரணம். அந்தச் சதுரங்களில் அடுத்த வருடம் கொட்டலசு கொத்தாகக் காய்த்திருக்கும். நானே எண்ணியிருக்கிறேன், ஆறு கட்டைக்கு ஆறு கொத்து.

பூச்சு காய்ந்த மறுநாள், தளத்து ஆட்களைக் கொண்டு ஒவ்வொரு முட்டாக நகர்த்தச் சொல்லுங்கள். ஒன்றை அடுத்த இடத்தில் இறுக்கிய பிறகே மற்றொன்றை எடுக்க வேண்டும். நீங்களாகத் தட்டி எடுக்காதீர்கள். டன் கணக்கில் எடை உள்ள வள்ளம் சாய்ந்தால் அடியில் இருப்பவருக்குத் தப்பிக்க இடமில்லை. நகர்த்திய இடத்தைச் சுரண்டி, தேய்த்து, பிரைமர், விரல் பதம், இரண்டு கை என்று முழு வரிசையையும் அந்தச் சதுரத்துக்குச் செய்யுங்கள். இதற்கு ஒரு முழு நாள் போகும். என் கணக்கில் ஒன்பது நாள் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

11. இறக்குவதும் அதன் பிறகும்

குறிப்புத் தாளில் இறக்குவதற்கு இரண்டு நேரங்கள் இருக்கும்: குறைந்தது எத்தனை மணி நேரம் காய வேண்டும், அதிகபட்சம் எத்தனை நாளுக்குள் தண்ணீர் காண வேண்டும். முதலாவதை எல்லோரும் பார்ப்பார்கள். இரண்டாவதைத் தவறவிட்டால் சில பெயிண்ட்களின் மேலடுக்கு வெயிலில் செயலிழந்துவிடும். பெயிண்ட் அடித்துவிட்டு எஞ்சின் வேலைக்காக இரண்டு மாதம் கரையில் நிறுத்தும் எண்ணம் இருந்தால் எஞ்சின் வேலையை முதலில் முடியுங்கள். நான் கடைசிக் கை அடித்த பிறகு இரண்டு இரவு விட்டு இறக்கினேன்.

கிரேன் வார் படும் இடத்தில் பழைய சாக்கோ கம்பளமோ வைக்கச் சொல்லுங்கள். தண்ணீரில் பட்டதும் வாரை அவிழ்க்கும் முன், உள்ளே இறங்கி நீர் உறிஞ்சும் துளைகளைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கசிந்தால் மறுபடி தூக்க கிரேன் அங்கேயே இருக்கும்.

முதல் மாதம் முடிவில் ஒரு முறை முங்கிப் பாருங்கள். வழவழப்பான மெல்லிய பாசிப் படலம் வருவது இயல்பு, ஓட்டத்தில் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சியதை மெல்லிய பஞ்சால் துடைத்தால் போதும். தண்ணீருக்குள் தகட்டால் சுரண்டினால் பூச்சு போகும், செம்பும் மொத்தமாகக் கடலில் கரையும்.

ஒரு நோட்டில் இவற்றை எழுதி வையுங்கள்: பெயிண்டின் பெயர், தொகுப்பு எண், எத்தனை கை, ஒவ்வொரு கையும் அடித்த நேரம், அன்றைய வெப்பம், ஈரப்பதம், செலவான லிட்டர், முட்டு நின்ற இடங்களின் சிறு படம். பில்லையும் குறிப்புத் தாளையும் அதிலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை கரையேற்றும்போது, மேலே தேய்த்துவிட்டு அதே பெயிண்டை அடித்தால் போதுமா என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்தே முடிவுசெய்யலாம். நான் அடுத்த பிப்ரவரி 20 க்கு இப்போதே தளத்தில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.